முட்டியதும் சொல்லவும்

முட்டினதும் சொல்லுங்கக்கா என்று ஸ்கேன் சென்டர் ரிசப்ஷனில் இருந்த பெண் சொன்னபோது சண்முகக்கனிக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாரிடம் வந்து என்ன சொல்கிறாள் பார். ஜவுளிக்கடையில் பாதி ஆயுசை நின்றே ஓட்டியவள், முட்டியதை ஒரு நாளும் யாரிடமும் சொல்லாதவள், அவளிடம் வந்து முட்டினதும் சொல்லு என்கிறாள். சுவரில் வேறு பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள், சிறுநீர் முட்டியதும் சொல்லவும், அதற்குமுன் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று. சரி, சொல்வோம் என்று பாட்டில் தண்ணீரைக் கடகடவென்று குடித்தாள், அது தீர்ந்ததும் மூலையில் இருந்த கேனில் மறுபடி பிடித்துக் குடித்தாள், ஜன்னல் வெயில் நகர்ந்து இப்போது அவள் செருப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இன்னும் ஒன்றையும் காணோம். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்து, தொடையை நெருக்கி, எம்மா முடியலை சீக்கிரம் கூப்பிடச் சொல்லு என்று கெஞ்சி உள்ளே போய், வெளியே ஓடி வந்து, பாத்ரூம் கதவைச் சாத்தி, தெளிந்த முகத்தோடு வீட்டுக்கும் போய்விட்டார்கள். இவள் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கல் என்று நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்றைக்கு அந்தச் சொல்லை நினைக்கவே கூடாது என்று வீட்டில் சாமி கும்பிடும்போதே முடிவு பண்ணியிருந்தாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஒன்றும் இல்லை என்றால் சீக்கு முதுகோடு போயிற்று, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சித்திரை கழிந்ததும் கடைக்குத் திரும்பிவிடலாம், துணிக்கட்டு தூக்காத வேலையாக பேக்கிங் பக்கம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அவள் திரும்பினால், அவளுக்குப் பதிலாகக் கடையில் நிற்கும் மகள் வினோதா இடத்தைக் காலி பண்ணிவிட்டு ஜூனில் காலேஜுக்குப் போய்விடுவாள், இரண்டாம் வருஷத்தில் விட்டதை அப்படியே தொடரலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். கிட்னியில் கல் இருக்கிறது, ஆபரேஷன் என்று வந்துவிட்டால் வினோதா அந்தச் சேலைகளுக்கு நடுவிலேயே நின்றுவிட வேண்டியதுதான். வினோதாவின் அப்பா இருந்தாலாவது பரவாயில்லை, அவர் போய்ச் சேர்ந்தாயிற்று. வினோதா பக்கத்து நாற்காலியில் கடையின் யூனிஃபார்ம் சேலையோடு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊதா பார்டர் சேலையைத் தன் பெண் உடம்பில் பார்க்கும்போதெல்லாம் கனிக்கு, தன்னுடைய சேலையையே எடுத்துக் கட்டிவிட்டாளோ என்று ஒரு கணம் தோன்றும், அப்புறம் இல்லை, இது புதுசு, மடிப்பு இன்னும் கலையவில்லை என்று தெளியும். கடை ஐந்து மாடி. பட்டு மூன்றாவது மாடி. பெண்களுக்கான பாத்ரூம் ஐந்தாவது மாடிக்கும் மேலே, மொட்டை மாடியில், ஜெனரேட்டருக்குப் பின்னால். லிஃப்ட் கஸ்டமருக்கு. படியேறிப் போய்விட்டு இறங்கி வருவதற்குள் கவுண்டரில் எந்த அம்மாவாவது வந்து நின்றுகொண்டு, இங்கே ஆள் யாரும் இல்லையா என்று கேட்டுவிடும், அதற்குப் பிறகு சூப்பர்வைசர் கேட்கிற கேள்விக்கு எந்தப் பெண்ணாலும் பதில் சொல்ல முடியாது. என்னம்மா, அடிக்கடி மேல போறியே, மேல என்ன வச்சிருக்க என்பான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அதனால் போகாமல் இருப்பது எப்படி என்று கற்றுக்கொண்டார்கள். போகாமல் இருக்க வேண்டுமானால் குடிக்காமல் இருக்க வேண்டும், இதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காலையில் ஒரு டம்ளர், அதுவும் பஸ் ஏறுவதற்கு வெகு முன்னால். தொண்டை காய்ந்தால் ஒரு ஏலக்காயை நாக்குக்கு அடியில் அடக்கிக்கொள்ள வேண்டும், கஸ்டமரிடம் பேசும்போது வாயும் மணக்கும். உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்ததாகச் சொல்லி ஒரு வருஷம் மாடிக்கு இரண்டு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். அதில் சேலைக்கட்டுகளை அடுக்கி வைத்தார்கள். கனிதான் சீனியர். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் இதைச் சொல்லிக்கொடுப்பாள், ரவிக்கைத் துணியை ஒரே வீச்சில் உதறி விரிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது போலவே, அதே அக்கறையோடு. வினோதாவுக்கும் அவள்தான் சொன்னாள். முதல் நாள், வாசலில் வைத்து, தலையை வாரிவிட்டுக்கொண்டே சொன்னாள். பிள்ளை வெட்கப்பட்டுவிடக் கூடாதே, நாலு பேர் முன்னால் அந்தப் பயலிடம் பேச்சு வாங்கிவிடக் கூடாதே என்று. அப்போது அது அம்மா செய்கிற காரியமாகத்தான் இருந்தது.

வயிற்றில் தண்ணீர் குலுங்குகிறது. மேலேதான் இருக்கிறது, கீழே இறங்கவில்லை. எங்கே போகிறது இவ்வளவும். பச்சைத் தண்ணி குடிச்சாக்கூட எனக்கு உடம்பு வைக்குது டாக்டர் என்று எலும்பு டாக்டரிடம் சொன்னதற்கு அவர், பச்சைத் தண்ணி குடிச்சிருந்தா இங்க வந்திருக்கவே மாட்டீங்கம்மா என்றார். நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் அந்தச் சிரிப்பு எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்ததும் நின்றுவிட்டது. முதுகு போன அன்றைக்குக் கடையில் பட்டுச்சேலைக் கட்டு ஒன்றை அடி ஷெல்ஃபிலிருந்து தூக்கினாள், என்றைக்கும் தூக்குகிறதுதான், முதுகில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது, கேட்டதா, உள்ளே உணர்ந்தாளா, இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். பாரத்துக்கு அடியில் அகப்பட்ட அட்டைப்பெட்டியைப் போல அந்த ஒன்று மட்டும் ஒரு பக்கம் அமுங்கி இருந்தது, அவளுக்கே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார், உங்களுக்குக் கல்லு வந்திருக்கா? முதுகுக்குப் போன இடத்தில் கல்லை ஏன் கேட்கிறார் என்று கனி முழித்தாள். வந்திருக்கிறது, இரண்டு தடவை, தானாக விழுந்துவிட்டது என்றாள். வயிற்றுக்கு ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார், எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னார், முள்ளைப் பார்க்காமல் அவள் காலண்டரைப் பார்த்தாள். கல்லு, எலும்பு, எடை, நீங்க இதை மூணு சீக்குன்னு நினைச்சு மூணு இடத்துல காட்டுறீங்க, ஆனா மூணும் ஒண்ணுக்கொண்ணு கை கோத்துக்கிட்டுத்தான் நடக்கும் என்றார். எடை ஏறினா கல்லு வர்றதும் ஏறும். கல்லு வந்த உடம்புல எலும்பும் லேசாகிப்போறதை நிறையப் பாக்குறோம். உடம்பு கனமா இருக்கிறவங்களுக்கு எலும்பு கெட்டியா இருக்கும்னு மட்டும் நம்பிக்கிட்டு இருக்காதீங்க. அவள் அதைத்தான் நம்பிக்கொண்டு இருந்தாள். கடையில் ஒல்லிப் பிள்ளைகள் இடுப்பு வலி என்றால், என்னைப் பாருட்டி, தேக்கு மரம் என்பாள். பால் தயிர் எல்லாம் சாப்பிடுறீங்களா? இல்லை டாக்டர், கல்லு வந்ததும் நிறுத்திட்டேன், சுண்ணாம்புச் சத்து கல்லாயிருமே. பேனாவை மேஜையில் வைத்துவிட்டு அவர் கேட்டார், யாரும்மா நிறுத்தச் சொன்னா?

யார் சொன்னது. அன்றிலிருந்து இதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கல் டாக்டர் சொல்லவில்லை, அவர் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்றுதான் சொன்னார், அதை மட்டும் அவள் கேட்கவில்லை. எதிர்வீட்டு ரோஸ்லினா? ரோஸ்லின் வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னாள், அது ஞாபகம் இருக்கிறது, பச்சையாக அரைத்து ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குடிக்கும்வரை நின்றாள். மருந்துக்கடைக்காரரா? பஸ்ஸில் யாராவதா? முகமே இல்லை. ஒரு குரல் மட்டும் இருக்கிறது, பாலை விட்டிரு, கேப்பையை விட்டிரு, எல்லாம் கல்லாப் போயிரும் என்கிற குரல், அது சில நேரம் ஆண் குரலாக இருக்கிறது, சில நேரம் பெண் குரலாக இருக்கிறது, உற்றுக் கேட்டால் தன் குரலாகவே இருக்கிறது. அந்தக் குரலை நம்பி எத்தனை வருஷம் மோர்கூடத் தொடாமல் இருந்தாள். அவள் மட்டுமா இருந்தாள். ஒரு சமையல், ஒரு அடுப்பு. வளருகிற பிள்ளைக்குத் தனியாகப் பால் வாங்கி ஊற்றத் தோன்றவில்லையே, குடும்பத்தில் ஓடுகிற சீக்கு, பிள்ளைக்கும் வந்துவிடக் கூடாதே என்று அவளுக்கும் சேர்த்து நிறுத்தினாள். நல்லதுக்குத்தான் செய்தாள். தாயே, நல்லதுக்குத்தானே செய்தேன். முதல் கல் விழுந்தபோது அதைப் பேப்பரில் எடுத்து வைத்துப் பார்த்தாள், மிளகில் பாதி இல்லை. இத்தனூண்டு சாமானா என்னைத் தரையில் போட்டு உருட்டியது என்று ஆச்சரியமாக இருந்தது. ஆடித் தள்ளுபடி நேரம், கூட்டமான கூட்டம், ஒரு கல்யாண வீட்டுக்காரர்களுக்கு முப்பது சேலைக்கு மேல் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், இடது விலாவிலிருந்து அடிவயிறுவரை யாரோ கம்பியை விட்டுத் திருகினார்கள், வாயில் ஏலக்காய், முகத்தில் சிரிப்பு, இந்த அரக்கு உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்மா என்றாள், சொல்லிக்கொண்டே விரித்த சேலைகளின் மேலேயே சாய்ந்துவிட்டாள். பிரசவ வலி எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. இப்போது ராத்திரிப் படுக்கும்போது வேறு ஒன்று தோன்றுகிறது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, இவளாகத்தான் கூட்டிக்கொண்டாள், ஆனாலும் விட மாட்டேன் என்கிறது. வெளியிலிருந்து சுண்ணாம்பு வரவில்லை என்றால் உடம்பு எங்கே போய் எடுத்திருக்கும்? முதுகெலும்பில் கை வைத்திருக்கும். அரிசி மூட்டையில் எறும்பு புகுந்த மாதிரி ஒவ்வொரு பொடியாக முதுகிலிருந்து எடுத்து, யாருக்கும் தெரியாமல் இடுப்புக்குக் கொண்டுபோய், அங்கே சேர்த்து வைத்திருக்கும். மேலே சதை மூடிக்கொண்டே வந்ததால் உள்ளே வீடு காலியாவது யாருக்கும் தெரியவில்லை.

ஏட்டி, நீயும் ரெண்டு மடக்கு குடியேன் என்றாள் பக்கத்தில் பார்த்து. எனக்கு எதுக்கும்மா, ஸ்கேன் உனக்குத்தான என்றாள் வினோதா போனிலிருந்து கண்ணை எடுக்காமல். தாகத்துக்குக் குடிட்டி. தாகமே இல்லம்மா, ரெண்டு மணிக்கு கடையில இருக்கணும், இப்பம் குடிச்சா அங்க போயி எங்க போவ? சொல்லிவிட்டு வினோதா காலை நீட்டி நெளித்தாள். கனி அந்தக் காலைப் பார்த்தாள். கணுக்கால் எலும்பு எங்கே போயிற்று. கடைக்குப் போவதற்கு முன் அது துருத்திக்கொண்டு இருக்கும், கொலுசு அதில் தட்டித் தட்டி நிற்கும், இப்போது கொலுசு சதையில் பதிந்து கிடக்கிறது. கையும் அப்படித்தான், ரவிக்கைக் கை பிடிக்கிறது என்று போன வாரம் தையல் பிரித்துக் கொடுத்தாள். நாள் பூரா நிற்பு, நடை கிடையாது, மத்தியானம் மெஸ்ஸில் வெந்ததும் வேகாததுமாக ஒரு பிடி, இரவு வீட்டுக்கு வந்ததும் நாள் முழுசுக்கும் சேர்த்து ஒரே தட்டில் சோறு, அப்படியே படுக்கை. கனிக்குத் தெரியும், ஒவ்வொரு படியும் தெரியும், எந்தப் படியில் என்ன வரும் என்பதும் தெரியும். இப்போது கணுக்கால். அடுத்து முகம் கொஞ்சம் பூரிக்கும், எல்லோரும் நல்லாயிட்டியே என்பார்கள். அடுத்து மூச்சு. அப்புறம் ஒரு நாள் நல்ல கூட்டத்தில், சிரித்துக்கொண்டே சேலை விரித்துக் காட்டும்போது. வேண்டாம். நினைக்காதே. இடுப்பு வலிக்குதாட்டி உனக்கு? இல்லம்மா. நீர் போகும்போது எரியுதா? எம்மா, மெதுவா பேசு, ஆள் இருக்காவ. சொல்லு, எரியுதா? எல்லாருக்கும் எரியும், கோடைல்லா என்றாள் வினோதா. கோடை என்பது சரிதான், பங்குனி வெயில், யாருக்கும் எரியும், கனி தலையை ஆட்டிக்கொண்டாள், ஆனால் அந்தப் பதிலை அவளே ஒரு காலத்தில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள், அதே அலட்சியத்தோடு. பாட்டிலில் மீதி இருந்ததையும் குடித்து முடித்தாள்.

அப்போதுதான் வந்தது. முட்டல் என்று சொல்ல முடியாது, எங்கேயோ மாடிக்கு மேலே யாரோ கூப்பிட்டுக்கொண்டிருப்பது போல ஒன்று. இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் என்று பழக்கத்தில் அடக்கப் பார்த்து, பிறகு அடக்க வேண்டாமே என்று உறைத்து எழுந்தாள், மெதுவாக எழுந்திருக்கச் சொல்லியிருந்தது மறந்துபோய் முதுகு சுருக்கென்றது. முட்டுதும்மா என்று ரிசப்ஷன் பெண்ணிடம் சொன்னபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது, வாழ்க்கையில் முதல்தடவையாக இதை ஒருத்தரிடம் சொல்கிறாள். உள்ளே ஏ.சி. ஜில்லென்று இருந்தது. ஸ்கேன் டாக்டர் சின்ன வயசுக்காரர், மாஸ்க் போட்டிருந்தார், பக்கத்தில் ஒரு பெண் டைப் அடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி அந்தக் கருவியை வைத்து அழுத்தினார், சதை அதிகம்மா, கொஞ்சம் அழுத்திப் பாக்கணும், பொறுத்துக்குங்க. வலது பக்கம் பார்த்தார். ஒரு வரி சொன்னார், அந்தப் பெண் டைப் அடித்தாள், அவ்வளவுதான். கனிக்கு மனசு லேசாயிற்று. இங்கிலீஷ்தான், புரியவில்லை, ஆனால் ஒரே வரி என்பது நல்ல சமாசாரம், கடையில் கஸ்டமர்கள்கூட ஒன்றும் பிடிக்காவிட்டால்தான் நீளமாகப் பேசுவார்கள். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி இடது பக்கம் பார்த்தார். கருவி ஓர் இடத்தில் நின்றது, நகர்ந்தது, திரும்பி அதே இடத்துக்கு வந்தது. மூச்சை இழுத்துப் பிடிங்க. விடுங்க. இன்னொரு தடவை பிடிங்க. அவர் சொல்ல ஆரம்பித்தார், அந்தப் பெண் அடித்துக்கொண்டே இருந்தாள், நிறுத்தினார், மறுபடி சொன்னார், அவள் மறுபடி அடித்தாள். மில்லிமீட்டர் என்றது மட்டும் காதில் விழுந்தது. இடது பக்கத்துக்கு வரி முடியவே இல்லை. டாக்டர் என்றாள் கனி, கல்லா? அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, பெருசு ஒண்ணு அடைச்சிக்கிட்டு நிக்குதும்மா, மேல கிட்னி வீங்கியிருக்கு, ரிப்போர்ட்டை இன்னிக்கே உங்க டாக்டர்கிட்ட காட்டிருங்க, தள்ளிப்போடாதீங்க என்றார். வலி இல்லையே டாக்டர், ஒரு வருஷமா ஒரு வலியும் இல்லையே. வலி நிக்கிறது எப்பவும் நல்லதுக்குன்னு எடுத்துக்க முடியாதும்மா. போய் யூரின் போய்ட்டு வாங்க, இன்னொரு தடவை பாக்கணும் என்றார். அவள் எழுந்து பாத்ரூமுக்குப் போய் உட்கார்ந்தாள். இவ்வளவு நேரம் காத்துக்கிடந்து வந்தது, கொஞ்சம் போய்விட்டு நின்றுகொண்டது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

எல்லாம் முடிந்து வந்தபோது வினோதா கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். என்ன சொன்னாவம்மா? கனிக்குப் பொய் வாயில் தயாராக இருந்தது, ஒண்ணுமில்லட்டி என்கிற பொய், ஆனால் முகம் முந்திக்கொண்டது. வினோதா பார்த்தாள், புரிந்துகொண்டாள், அழவில்லை, உதட்டை ஒரு தடவை மடித்துக்கொண்டு, சரிம்மா, ரிப்போர்ட் வாங்கிட்டு நீ நேரா டாக்டர்ட்ட போ, நான் சாயங்காலம் பெர்மிஷன் கேட்டுப் பாக்கேன், ஆபரேஷன்னா பண்ணிருவோம், நான்தான் இருக்கேன்ல்லா என்றாள். அந்த நான்தான் இருக்கேன் கனியின் மேல் சேலைக்கட்டு போல விழுந்தது. தண்ணியைக் குடிச்சிட்டுப் போ, என் கண்ணு முன்னால குடி என்றாள் கனி. மன்றாடுகிற குரலாக இருந்திருக்க வேண்டும், வினோதா மறுக்கவில்லை. கேனில் ஒரு கப் பிடித்தாள், வாய் நிறைய வாங்கினாள், சரியா என்பதுபோலத் தலையை ஆட்டினாள், கன்னம் உப்பியபடியே வாஷ்பேசின் பக்கம் நடந்தாள். அங்கே குனிந்து, சத்தம் வராமல், குழாயையும் லேசாகத் திறந்துவிட்டு, அத்தனையையும் துப்பினாள். கப்பில் மீதி இருந்ததையும் கொட்டினாள், நின்ற இடத்திலிருந்தே கனி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். வினோதா நாக்கை உதட்டில் ஒரு தடவை தடவிக்கொண்டாள். திரும்பி வந்து, குடிச்சிட்டேம்மா, வாரேன் என்று சிரித்தாள். இதைக் கனி சொல்லிக்கொடுக்கவில்லை. ஏலக்காயைச் சொல்லிக்கொடுத்தாள், காலையில் ஒரு டம்ளரைச் சொல்லிக்கொடுத்தாள், இது அவளுக்கே தெரியாத புது வித்தை, பிள்ளை தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள், அம்மாவைத் தாண்டிப் போய்விட்டாள். வினோதா படியிறங்கிவிட்டாள். கனி முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள், ஓட்டம் என்று சொல்ல முடியாத ஓட்டம், ரிசப்ஷன் பெண் ரிப்போர்ட் ரிப்போர்ட் என்று கூப்பிட்டாள். வாசலுக்கு வந்து, ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி, ஏட்டி வினோ, நில்லுட்டி, நீ கடைக்குப் போக வேண்டாம், இனிமே போகவே வேண்டாம் என்று கத்தினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வினோதா திரும்பி வந்தாள். அம்மாவின் வயிற்றில் சேலைக்கு மேலே ஒட்டியிருந்த பசையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை, வழி கேட்கிறவளைப் போலத்தான் கேட்டாள்.

"அப்பம் யாரும்மா போவா?"

பஸ் வந்து நின்றது, வினோதா ஏறிக்கொண்டாள்.